காதர் மாமாவுக்கு சுகர் இல்லை!

போன வாரம் கம்பத்தில் ஒரு அதிசயம் பார்த்தேன். பதினோரு வருடமாக சுகர் மாத்திரை விழுங்குகிற ஒருவருக்கு, காகிதத்தில் சுகரே இல்லை!

காகிதம் என்றால், மெடிக்கல் இன்சூரன்ஸ் விண்ணப்பம். ஆள், காதர் மாமா. சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனாலும் எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மாப்ள. எங்கள் பக்கம் அதற்கெல்லாம் யாரும் காரணம் கேட்பதில்லை.

மாமாவுக்கு இதயத்தில் அடைப்பு. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனிக்கு எழுதினால், பதில் வருகிறது – சர்க்கரை வியாதியை மறைத்துவிட்டீர்கள், பணம் தர முடியாது.

மறைத்தது யார்?

விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த ஏஜென்டுக்கு போன் போட்டோம். மனுஷர் பதறவே இல்லை.

"கேக்காம எழுதுவேனா பாய்? நல்லாருக்கீகளான்னு கேட்டேன். நல்லாருக்கேன்னு சொன்னீக."

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. இந்தப் பள்ளத்தாக்கில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் உண்டா? காலில் மாவுக்கட்டோடு நொண்டி வருகிறவர்கூட நல்லாருக்கேன் என்றுதான் சொல்வார். கேட்டவர் மனசு சங்கடப்படக் கூடாதே என்கிற மரியாதை அது. அந்த மரியாதையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை நோய்க்கும் 'இல்லை... இல்லை...' என்று டிக் அடித்திருக்கிறார்! புகார் கொடுத்தால் கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார் என்று போனை வைக்கும்போது ஒரு மிரட்டல் வேறு.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? அதே ஏஜென்டிடம் எனக்கும் ஒரு பாலிசி உண்டு. பென்சிலால் குறி போட்ட இடத்திலெல்லாம், ஆட்டோகிராஃப் போடும் நடிகர் மாதிரி கையெழுத்திட்டவன் நான். அன்று சாயங்காலம்தான் முதல்முறையாக அதைப் படித்தேன். அதில் நான் ஐந்தடி பத்தங்குலம். அறுபத்தெட்டு கிலோ. சிகரெட் வாசனையே அறியாதவன். என் மனைவியும் படித்தாள். "இந்த ஆளு ஜாதகத்த அப்பவே காட்டியிருக்கலாம்ல?"

மறுநாளே என் நிஜ எடையை ஒப்புக்கொண்டு கம்பெனிக்குக் கடிதம் போட்டேன்.

பிறகு மாமா வீட்டுக்குப் போனேன். அவருக்கு வாட்ஸ்அப்பில் எதையும் அழிக்கத் தெரியாது – நல்லவேளை! விண்ணப்பம் போட்ட அன்று ஏஜென்ட் அனுப்பிய குரல் பதிவு அப்படியே இருந்தது. சுகரையெல்லாம் எழுதினால் ஃபைல் நகராது, கையெழுத்தை மட்டும் போடுங்கள் என்கிறார். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? முதலில் கம்பெனியின் புகார் அதிகாரிக்கு அனுப்புவோம், அங்கே அசையாவிட்டால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்றேன்.

மாமா தயங்கினார். "நம்ம வீட்டு விசேசத்துக்கெல்லாம் வந்தாக மாப்ள."

"வந்தாக. பிரியாணி சாப்ட்டாக. ஆபரேஷனுக்கு வருவாகளா?"

சிரித்துவிட்டார். அந்தச் சூட்டிலேயே மளமளவென்று புகாரை எழுதி நீட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"எனக்கு எதுவுமே தெரியாதுன்னு எழுதியிருக்கீக. அவுக அனுப்புனத நான் கேட்டேன்ல? தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். அதையும் எழுதுங்க."

"எழுதுனா வர்ற பணமும் வராமப் போயிரும் மாமா."

"போகட்டும். இன்னொரு பொய்க்கு என்னால கையெழுத்துப் போட முடியாது."

மாற்றி எழுதினேன். பதிவுத் தபாலில் போயிருக்கிறது. பதிலுக்கு முன்னால் ஆபரேஷன் தேதி வந்துவிடும் போலிருக்கிறது. செலவுக்குத் தோட்டத்தில் பாதியை ஒத்திக்கு விட ஆள் பார்க்கிறார்கள்.

'எதுவுமே தெரியாது' என்ற அந்த ஒரு வரியை நான் மாமாவின் நல்லதுக்காகத்தான் எழுதினேன், சத்தியமாக... அந்த ஏஜென்டைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்!