எங்களோடு டிரம் அடித்த சுவர்

நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பேண்டு பழக்குகிறவன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. என் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொன்ன கதைதான் இது. "இத எழுதி வை நைனா" என்று அவர்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

1. தோல் இறுக்குகிற நாள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எனக்கு முதல் வேலை பேண்டு ரூமைத் திறப்பது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். லீவு முழுக்க மூடிக்கிடந்த டிரம்களை வெளியே எடுத்துத் துடைத்து, கிழிந்த தோலை மாற்றி, சாவி போட்டுத் திருகுகளை இறுக்குவேன். தோல் என்று பழக்கத்தில் சொல்கிறோம், இப்போது அது பிளாஸ்டிக்தான். ஒரு திருகை இறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிர்த் திருகு. வரிசையாகச் சுற்றி வந்தால் தோல் கோணிக்கொள்ளும், சத்தம் ஓட்டைப் பானை மாதிரி வரும்.

திருவள்ளூரில் நடக்கிற ஆகஸ்ட் பதினைந்து பரேடில் எங்கள் டிரம் லைன் நடக்க வேண்டும் என்பது அந்த வருஷத்து ஆசை. அதற்கு ஜூலை கடைசியில் ஒரு செலக்சன். பேஸ் டிரம் அடிப்பவள் பத்தாம் வகுப்பு பவித்ரா. முதல் நாளே என்னிடம் வந்து நின்றாள்.

"மாஸ்டர், எங்க நைனா ஒரு கண்டிசன் போட்டுக்கீறாரு."

"இன்னாம்மா?"

"செலக்சன்ல பாஸானா அடிச்சிக்கோ. ஆவலன்னா அன்னிக்கே டிரம்ம எறக்கி வெச்சிட்டு புக்க எட்த்துக்கினு உக்காருன்னு சொல்ட்டாரு. பப்ளிக் எக்ஸாம் கீதுல்ல."

அவள் அப்பா ஏழுமலை தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவர். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் பவித்ரா மாதிரி பேஸ் டிரம் அடிக்க இன்னொரு பிள்ளை எனக்குக் கிடைக்காது. பேஸ் டிரம் வயிற்றுக்கு முன்னால் மலை மாதிரி நிற்கும், அடிப்பவளுக்குத் தன் கால் தெரியாது. தரை மேடா பள்ளமா என்று பார்க்க முடியாது. ஆனால் மொத்த வரிசையும் இடது காலை வைப்பது அவள் 'டம்'முக்குத்தான். தன் கால் தெரியாத பெண் எல்லாருடைய காலையும் நடத்த வேண்டும்.

தினமும் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் பழகினோம். மைதானத்தின் அந்தப் பக்கம் ஒரு கம்பெனி குடோனின் உயரமான சுவர். அதற்கு நேர் எதிரே, இந்தப் பக்கத்து ஓரமாக நீளவாக்கில் போவோம், வருவோம். ஜூலை நடுவில், கண்ணை மூடிக் கேட்டால் ஒரே ஆள் நடக்கிற மாதிரி இருந்தது. டீச்சர்கள் மாடியில் நின்று கை தட்டினார்கள்.

2. ஏரி ஓரத்துப் பொட்டல்

செலக்சன் நடக்கிற இடம் திறந்த மைதானம் என்று சொன்னார்கள். நடந்து பழகட்டும் என்று ஒரு சனிக்கிழமை காலையில் ஏரி ஓரத்துப் பொட்டலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனேன்.

கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பார்கள். கால் மாறிப்போனது. சைடு டிரம் முன்னால் ஓடியது, தாளத்தட்டு பின்னால் வந்தது. நிறுத்தி மறுபடி விட்டேன். மறுபடியும் அதே கதை. திருகெல்லாம் தொட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சைடு டிரம் சங்கீதாவிடம் கத்தினேன்.

"காலைல நாஷ்டா துன்னியா இல்லியா?"

"துன்னேன் மாஸ்டர். நாலு இட்லி. ஆனா தாளம் பத்தல."

எல்லாரும் சிரித்தார்கள். பவித்ரா மட்டும் சிரிக்கவில்லை. தனியாக நின்று ஒரு அடி அடித்தாள். காத்திருந்தாள். இன்னொரு அடி அடித்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"மாஸ்டர், இங்க சுவரு இல்ல."

"இல்லாட்டி இன்னா?"

"அங்க நான் டம்முன்னா, சுவரும் சன்னமா ஒரு டம்முங்குது மாஸ்டர். அத கேட்டுட்டுதான் எல்லாரும் வலது கால வெக்கிறாங்க. இங்க அந்த டம்மு வரல. சில பேரு அதுக்காக காத்துக்கினு நிக்கிறாங்க, சில பேரு பயந்து ஓட்றாங்க."

ஒன்றரை மாதமாக எங்களோடு இன்னொரு ஆள் மாதிரி அந்தச் சுவரும் டிரம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. சுத்தம், சுத்தம் என்று நான் மெச்சிக்கொண்டதில் பாதி குடோன் சுவருடைய வேலை.

"அப்ப சுவத்த லாரில ஏத்திக்கினு வரணுமா மாஸ்டர்?" என்றாள் சங்கீதா.

3. இடது கை

செலக்சனுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அடியைக் குறைத்து, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற மாதிரி எளிதாக மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். பவித்ரா ஒத்துக்கொள்ளவில்லை.

"சுவரு அடிக்கிறத நானே அடிக்கிறேன் மாஸ்டர். இடது கை சும்மாதான கீது."

கேட்பதற்குச் சுலபம். வலது கையில் பெரிய அடி, இடது கையில் அதற்குப் பின்னால் ஒரு மெல்லிய அடி. மெல்லிய அடி கொஞ்சம் பலமாக விழுந்தாலும் எல்லாருக்கும் கால் குழம்பும். டிரம்மைச் சுமந்து நடந்துகொண்டே அடிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் அவளுக்கே கால் தடுக்கியது.

வியாழக்கிழமை ஏழுமலை பள்ளிக்கூடத்து கேட்டில் வந்து நின்றார். போச்சு, பெண்ணை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தேன்.

"ஒரே பேஜாரு மாஸ்டர். நைட் ஷிப்டு முடிச்சிட்டு ஊட்டுக்கு வந்தா தூங்க முடியல. காலைல எழுந்தா தலகாணி, தண்ணி கேனு, கதவு, ஒண்ணையும் உட மாட்றா. டம், டும். டம், டும்."

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க அண்ணே. நான் சொல்லி வெக்கிறேன்."

"இருங்க, நான் சொல்ல வந்தது அது இல்ல. இன்னிக்கு காலைல ஸ்கூலுக்கு கெளம்பறதுக்கு முன்னாடி அடிச்சிக்கினு இருந்தா. அந்த சத்தம் பழகிப்போயி நான் நல்லா தூங்கிக்கினு இருந்தேன். திடீர்னு முழிப்பு வந்துடுச்சி. இன்னாடான்னு பாத்தா இடது கை லேட்டு. அவ கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்றா. நீங்க சொல்லுங்க."

4. செலக்சன்

அன்றைக்கு ஏழுமலை லீவு போட்டுவிட்டு வந்து, கயிறு கட்டின ஓரத்தில் என் பக்கத்தில் நின்றார். எங்கள் பிள்ளைகள் மைதானத்தை நேராகக் கடந்து, திரும்பி, நடுவர் மேஜை முன்னால் வர வேண்டும். போகும்போது அருமையாகப் போனார்கள். டம், டும். சுவரே நடந்து போகிற மாதிரி இருந்தது.

திரும்பி வரும்போது பவித்ராவின் தோள் பட்டையில் கொக்கி கழன்றது. டிரம் ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே விழாமல் இடது கையால் விளிம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். வலது கை மட்டும் அடித்தது.

"இடது கை நின்னுடுச்சி மாஸ்டர்!" என்று ஏழுமலை என் கையைப் பிடித்தார்.

நான் டிரம்மைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தேன். இடது கால் விழுந்தது. 'டும்' இல்லை. ஆனால் வலது கால் எல்லாருக்கும் ஒன்றாக, விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. சங்கீதாவின் உதடு அசைவது தெரிந்தது. மற்ற பிள்ளைகளுக்கும் அப்படியே. வராத அந்த அடியை ஒவ்வொருத்தியும் வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டு வந்தாள். மேஜையைத் தாண்டுகிற வரைக்கும் ஒரு கால்கூட மாறவில்லை.

செலக்சனில் பாஸான பள்ளிகளில் எங்கள் பள்ளிப் பெயரையும் படித்தபோது பிள்ளைகள் போட்ட சத்தத்தில் எது டிரம், எது வாய் என்று தெரியவில்லை. நடுவர் பவித்ராவைக் கூப்பிட்டு, "கடைசில ஒரு கையாலதான அடிச்ச? எப்படிம்மா சமாளிச்ச?" என்று கேட்டார்.

"நான் இன்னா சார் சமாளிச்சேன்? டிரம்ம கீழ போடாம புடிச்சிக்கினேன், அவ்ளோதான். சமாளிச்சது அவளுங்க" என்று பின்னால் கை காட்டினாள்.

ஏழுமலை கழன்ற கொக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜனவரிலயும் ஒரு பரேடு கீதாமே மாஸ்டர்?"

"கீதுண்ணே."

"அப்ப இந்தப் பட்டைய மாத்துங்க. இத நம்பி எங்க பொண்ண அனுப்ப முடியாது."

அதற்குப் பிறகு நான் ஒரே இடத்தில் பழக்குவதில்லை. ஒரு நாள் மைதானம், ஒரு நாள் ஏரி ஓரம், ஒரு நாள் மரத்தடி. பிள்ளைகளே, நீங்கள் எதைப் பழகினாலும் இடத்தை மாற்றி ஒரு தடவை செய்து பாருங்கள். அங்கேயும் வந்தால்தான் அது உங்களுடையது. வராவிட்டால் பயப்பட வேண்டாம். எது குறைகிறது என்று பவித்ரா மாதிரி நின்று கேளுங்கள்.