பல் டாக்டரின் தூரப்பார்வை

நாற்பத்தைந்து வயதில் பல் டாக்டருக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு மின்வெட்டு. அன்று மதியம் கிளினிக்கில் மின்சாரம் போய்விட்டது. வரவேண்டிய நோயாளியும் வரவில்லை. நின்று நின்று கால் கடுத்ததால், நோயாளிகள் சாயும் நாற்காலியில் தானே சாய்ந்தாள். இத்தனை வருடம் அதன் பக்கத்திலேயே நின்றவள், ஒரு நாளும் அதில் படுத்துப் பார்த்ததில்லை. படுத்தால் ஜன்னல் முழுக்க வானம். ஒரு சின்ன விமானம், துணியில் ஊசி போவதுபோல் அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மின்சாரம் வந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே கால் வெடவெடக்கிற மனிதர்.

"வானத்துக்கு என்ன, பல்வலியா?"

"விளையாடாதீங்க. பொழுதுபோக்குக்கு இல்ல. இனிமே அதான் என் வேலை."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "சரி, கத்துக்கோ. என்னை மட்டும் ஏறச் சொல்லாத."

கிளினிக்கைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டுப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் மகளின் வயது. முதல் நாள் 'ஆன்ட்டி' என்றார்கள். காற்றழுத்தப் பாடத்தில் அவளும் தங்களைப் போலவே திருதிருவென்று விழிப்பதைப் பார்த்ததும் 'அக்கா' ஆக்கிவிட்டார்கள்.

ஏறுவதும் திரும்புவதும் சீக்கிரமே கைக்கு வந்தன. இறங்குவதுதான் வரவில்லை. தரை இன்னும் கீழே இருக்கும்போதே விமானத்தின் மூக்கைத் தூக்கிவிடுவாள். அது தொப்பென்று விழும். வாரக்கணக்கில் இதே கூத்து. அவளைவிட இளையவளான பயிற்சியாளர் ஒருநாள் தரையில் நின்றதும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"டாக்டர், இறங்கும்போது எங்க பாக்கறீங்க?"

"சக்கரத்துக்கு முன்னாடி இருக்கற தரைய."

"அதான் விஷயம். பார்வைய ஓடுபாதையோட கடைசிக்கு அனுப்புங்க. கிட்டப் பாத்தா தரை எழும்பி வந்து முட்டற மாதிரிதான் இருக்கும்."

சொல்வது சுலபம். அவள் கண்களோ காலமெல்லாம் ஒரு சாண் தூரத்துக் கடைவாய்ப் பல்லையே பார்த்துப் பழகியவை.

இதை அவள் சொல்லக் கேட்ட கணவர் மறுநாள் சாயங்காலம் அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். கைப்பிடிச் சுவர் பக்கமே போகாமல் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தத் தண்ணித் தொட்டி மேல என்ன இருக்கு?"

"காக்கா."

"அதுக்கும் அப்பால?"

"ஒரு புகைக்கூண்டு."

"அதுக்கும் அப்பால?"

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். புகைக்கூண்டுக்கு அப்பால் வெளிச்சம் கரைந்து, நிலம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. அதன்பின் ஒரு மாலை தவறாமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அவர் மட்டும் கடைசிவரை நடுமாடியை விட்டு நகரவில்லை.

ஒரு காலையில் சக்கரங்கள் தரையைத் தொட்டதே தெரியவில்லை. பயிற்சியாளர் ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி, கதவைச் சாத்தினாள். "தனியா ஒரு சுத்து போயிட்டு வாங்க."

பக்கத்து இருக்கை காலி. விமானம் முன்னெப்போதும் இல்லாத அளவு லேசாக எழுந்தது. கீழே தெருக்கள் அசைவற்றுக் கிடந்தன. மேகத்தின் நிழல் ஒன்று கூரை கூரையாகத் தாண்டிப் போனது. பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. யாரோ அவள் பெயரை மெல்லக் கூப்பிட்டு, ஏன் கூப்பிட்டோம் என்பதை மறந்துவிட்டதுபோல் ஒரு நிசப்தம் இன்ஜின் சத்தத்துக்குள்ளேயே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே திரும்பி, பார்வையைத் தூரத்தில் வைத்து, பூப்போல இறங்கினாள்.

வேலிக்கு வெளியே கணவர் நின்றிருந்தார். அவள் இறங்கும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

"மேல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லைங்க," என்றாள். பிறகு சிரித்தாள். "எவ்ளோ பெரிய ஒண்ணும் இல்ல தெரியுமா!"

தொழில்முறை உரிமத்துக்கு இன்னும் பரீட்சைகள் கிடக்கின்றன. காற்றழுத்தப் பாடம் அவளை இன்றும் திணறடிக்கிறது. கணவர் பாடத்திலிருந்து கேள்வி கேட்கிறார். பதில் சரியா தவறா என்று அவருக்கும் தெரியாது.