வால்யூம் குமிழில் ஒரு துண்டு டேப்

பல்லால் ஒரு விரல் நீளத்துக்கு டேப்பைக் கிழித்து, ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழ் மேல் ஒட்டிவிட்டுத்தான் ஹிலரி பர்க்கெட் நாற்காலியில் உட்காருவார். பெயின்ட் அடிப்பவர்கள் ஜன்னல் ஓரத்தில் ஒட்டும் மஞ்சள் காகித டேப்தான் அது. "சத்தம் ஒரு மயிரிழை கூடுனாலும் நல்லா இருக்கிற மாதிரியே தோணும். காதுக்கு அறிவு கிடையாது, ஆசை மட்டும்தான் உண்டு" என்பார்.

இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் அவருடைய வீட்டு முன்னறையில், கருவிகளுக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு பழைய படுக்கை விரிப்பு தொங்குகிறது. விரிப்புக்குப் பின்னால் கணவர் காலின் நாணயம் சுண்டிக்கொண்டு நிற்பார். தலை விழுந்தால் விலை உயர்ந்த ஸ்பீக்கர் ஒயர், பூ விழுந்தால் இரும்புக்கடையில் வாங்கிய ஒயர். "இப்ப எது காலின்?" "என்னைக் கேட்டா? நீதானே பெரிய காது!" இப்படி இருபது தடவை. காலினுக்கு இடது காது கேட்காது. அதனாலேயே அவரை நம்பலாம் என்பது ஹிலரியின் கட்சி.

முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் செவித்திறன் சோதித்தவர் அவர். சத்தமே கொடுக்காதபோதும் 'கேட்குது, கேட்குது' என்று பொத்தானை அழுத்துகிறவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். அவர்கள் பொய்யர்கள் இல்லை, கேட்க ஆசைப்பட்டவர்கள். அந்த ஆசையை விலைக்கு விற்கிறவன்தான் பொய்யன் என்று சொல்லும்போது அவருடைய கழுத்து சிவந்துவிடும். கடந்த இருபத்திரண்டு வருடமாக 'தூய ஒலி' என்ற மாத இதழில் ஒலிக்கருவிகளைச் சோதித்து எழுதி வருகிறார்.

அந்த உலகத்தின் சம்பிரதாயமே தனி. மற்ற விமர்சகர்கள் சோதிக்க வந்த பெட்டியைத் திருப்பி அனுப்பாமல் 'நீண்டகால இரவல்' என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அதைப் பற்றி நடுநிலையாக எழுதிக் கிழிப்பார்கள். ஹிலரியோ பெட்டி கட்டி வந்த கயிற்றைக்கூடத் திருப்பி அனுப்பிவிடுவார். கம்பெனிக்காரர்கள் விருந்து வைத்தால், மற்றவர்கள் நண்டைக் கடிக்க, இவர் கைப்பையிலிருந்து முட்டை சாண்ட்விச்சை எடுப்பார். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணக் கூடாதில்லையா? அதான், உண்ணவே மாட்டேன்."

போன மாதம் அவரிடம் வந்தது ஆர்ஜென்டா என்ற ஸ்பீக்கர் ஒயர். மூன்று மீட்டர், நாலாயிரம் பவுண்டு. காலின் இருபது தடவை மாற்றினார். ஹிலரி பதினொன்றைச் சரியாகச் சொன்னார். காதைப் பொத்திக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலும் பத்து தேறியிருக்கும். 'நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். ஒலியில் வித்தியாசம் எதுவும் கேட்கவில்லை' என்று எழுதி அனுப்பினார்.

வியாழக்கிழமை இதழ் வந்தது. இடது பக்கம் ஆர்ஜென்டாவின் முழுப்பக்க விளம்பரம். வலது பக்கம் ஹிலரியின் படத்துக்குக் கீழே: 'நேர்த்தியாகச் செய்திருக்கிறார்கள். மற்ற ஒயர்களுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.' அதன் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம். முதல் வாக்கியம் அவருடையது. இரண்டாவதை எவனோ எழுதி அவர் வாயில் திணித்திருந்தான். வீட்டுக்குள் திருட வந்தவன்கூட வீட்டுக்காரர் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவதில்லை.

ஆசிரியர் ஜூலியன் ஃபாரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"ஐயோ ஹிலரி, நான் எங்கே மாத்தினேன்? கொஞ்சம் மெருகேத்தினேன், அவ்வளவுதான்."

"பொய்க்கு மெருகுன்னு பேரா?"

"விளம்பரம் இல்லேன்னா பத்திரிகையே இல்லைங்க. சனிக்கிழமை லீட்ஸ் கண்காட்சிக்கு வாங்க, ஆர்ஜென்டா அறையில கொஞ்ச நேரம் உட்காருங்க, சிரிச்ச முகமா இருங்க. அடுத்த மாசமும் உங்க பக்கம் வரணுமில்லையா?"

ஹிலரி போனார். சிரிப்பதற்காக அல்ல, போகாமல் இருந்தால் தூக்கம் வராது என்பதால்.

லீட்ஸில் அந்த ஹோட்டலின் மூன்று மாடிகளிலும் கட்டில்களைத் தூக்கிவிட்டுக் கருவிகளை வைத்திருந்தார்கள். குளியல் தொட்டிகளில் காலி அட்டைப்பெட்டிகள் கிடந்தன. ஆர்ஜென்டா அறையில் நாற்பது பேர் அடைந்து கிடந்தார்கள், எல்லாரும் ஆண்கள். பக்கத்து நாற்காலிக்காரர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். வில்ஃப் ஸ்டாந்தர்ஸ்ட், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். கையில் அந்த இதழ், சரியான பக்கத்தில் மடித்திருந்தது.

"நீங்கதானேம்மா அது? இருபது வருஷமா உங்களைத்தான் படிக்கிறேன். வேண்டாம்னு நீங்க சொன்னதை ஒண்ணுகூட வாங்கினதில்லை. என் பொஞ்சாதி திட்டினா. 'ஹிலரியே சொல்லிட்டாங்கடி'ன்னேன். வாயை மூடிக்கிட்டா. இன்னைக்கு வாங்கிட்டுத்தான் போறேன்."

ஹிலரி வாயைத் திறந்தார். பதில் சொல்வதற்குள் விற்பனையாள் டேமியன் முதலில் சாதாரண ஒயரில் பித்தளை வாத்திய இசையைப் போட்டான். ஒரு நிமிடம் கழித்துக் குமிழைக் கீழே இறக்கி, ஆர்ஜென்டாவை மாட்டி, குமிழை மறுபடி ஏற்றினான். முன்பிருந்த இடத்தில் நிறுத்தவில்லை. நெல்மணி அளவு தாண்டி நிறுத்தினான். இசை பளிச்சென்று முன்னால் வந்தது. "அடேயப்பா!" என்றார் வில்ஃப். நாற்பது தலைகள் ஆடின.

"வில்ஃப், அந்த வரியை நான் எழுதலை" என்றார் ஹிலரி, அறை முழுக்கக் கேட்கும்படி. "எனக்கு வித்தியாசம் கேட்கலை. அப்படித்தான் எழுதினேன். அவங்க மாத்திட்டாங்க."

"அப்போ இப்ப கேட்டுச்சே?"

"கேட்டது ஒயர் இல்லைங்க. வால்யூம்."

கதவருகே நின்ற ஜூலியன் வேகமாக வந்து அவர் காதருகே குனிந்தார். "ஹிலரி, இந்த அறையை விட்டு இப்படியே வெளியே வந்துடுங்க. இல்லேன்னா இதுதான் நீங்க எழுதின கடைசி இதழ்."

"அதை நான் எழுதவே இல்லையே ஜூலியன்."

எழுந்து முன்னால் போனார். கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துப் பல்லால் கிழித்து, முதல் ஒயருக்கு இருந்த அளவில் குமிழைத் திருப்பி ஒட்டினார். "குமிழைத் தொட வேண்டாம் தம்பி. கரண்டை அணைச்சிட்டு ஒயரை மாத்துங்க. சில தடவை மாத்துங்க, சில தடவை மாத்தாமலும் இருங்க. எதுன்னு யாருக்கும் சொல்லாதீங்க." அப்புறம் தன் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப்போட்டு, கருவிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். வில்ஃப் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தன் நாற்காலியையும் திருப்பினார். பின்னால் இன்னும் சில நாற்காலிகள் இழுபட்டன.

இசை தொடங்கியது. அதற்கு அடியில், குமிழ் மேல் ஒட்டிய காகித டேப்பை நகம் சுரண்டும் மெல்லிய சத்தம். வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. ஹிலரி திரும்பிப் பார்க்கவில்லை. பல்லால் இன்னொரு துண்டு டேப்பைக் கிழித்து, தோளுக்கு மேலாகப் பின்பக்கம் நீட்டினார்.