மானுக்கு இறைத்தவள்

தகரம் தண்ணீரைத் தொடும் முன்பே பூங்காவனம் அதைத் திட்டத் தொடங்கிவிடுவாள். "சாயுடி! சாஞ்சாத்தானே மொள்ளுவ, சோம்பேறிக் கழுத!" மேல்மூடியை வெட்டியெடுத்த மண்ணெண்ணெய்த் தகரம் அது. இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஏரிக்கரையில் வாய்க்கால் தொடங்கும் இடத்தில் இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவள் புருஷன் நல்லையாவும் நின்று வீசுவார்கள். தகரம் தாழப் போய் மொண்டு, மேலே எழும்பி, வாய்க்காலில் கவிழ்த்துவிட்டுத் திரும்பும். நல்லையா வாயே திறப்பதில்லை. இருவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

மலாயாவை ஜப்பான்காரர்கள் பிடித்திருந்த காலம் அது. மலாக்காவில் காஜா பெராங்கிலிருந்து செங் போகும் வழியில், எந்தக் காலத்திலோ செம்பாறை வெட்டிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டிருந்தது. அதற்கு மேலே மேட்டில் சர்க்கரைவள்ளித் தோட்டம், கொழுந்தும் கொடியுமாகப் படர்ந்து கிடக்கும். பார்த்தால் யாருக்கும் வயிறு குளிரும். ஆனால் அது மனிதர்களுக்குப் போட்டதல்ல, மான்களுக்குப் போட்டது. மலாக்காவில் பெரிய உத்தியோகத்திலிருந்த ஜப்பான் துரை ஒருவனுக்கு வேட்டையில் ஆசை. காட்டுக்குள் அலைந்து மானைத் தேட அவனுக்குப் பொறுமையில்லை, மான்தான் அவனைத் தேடி வரவேண்டும். அதற்காக வள்ளிக்கொடி நட்டு, ரப்பர் மரங்களின் ஓரமாகப் பரண் கட்டி, தோட்டத்தின் நடுவே ஒரு மரக்கட்டையைக் குடைந்து மான் நக்க உப்பும் நிரப்பி வைத்திருந்தான். ஊர் முழுக்க உப்பில்லாத மரவள்ளிக் கிழங்கை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் மானுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

பூங்காவனம் குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பாலெடுத்தவள். ரப்பரை வாங்க ஆளில்லாமல் போனதும் அந்த வேலையும் போனது. நீண்ட கைகள், கட்டைக் குரல். சேலை கிழிந்து கந்தலானபின் சாக்கைத்தான் இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள். அதற்காகக் கூச்சப்பட்டதில்லை, "அரிசி இருந்த சாக்கு, நான் உடுத்தினா என்ன கொறஞ்சு போச்சு?" என்பாள். இறைத்து முடித்ததும் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. விரலை எச்சிலில் நனைத்து மரக்கட்டை உப்பில் ஒற்றி, நேராக நல்லையாவிடம் வருவாள். "நீட்டுங்க நாக்க." அவன் வெட்கத்தோடு நீட்டுவான். தடவிவிட்டு, "உப்பப் போட்டாச்சு, நாளைக்காவது ரோசம் வந்து ரெண்டு வார்த்த பேசுங்க" என்பாள். மிச்சமிருப்பதைத் தன் நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாயை மூடியே இருப்பாள். அவள் பேசாமலிருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

இந்த வேலையில் கூலி என்று பெரிதாக எதுவும் இல்லை. கிடைத்ததெல்லாம் நல்லையாவின் கையில் கட்டியிருந்த ஒரு துணிப்பட்டை. துரையின் ஆள் என்று அதில் எழுதியிருந்தது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி வரும்போது அந்தப் பட்டையைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள். நல்லையாவின் தம்பி பட்டை இல்லாமல் அந்த லாரியில் ஏற்றப்பட்டவன். அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. ஆகவே தோட்டம் பச்சையாக இருக்க வேண்டும், மான் வந்தாக வேண்டும். மான் வராவிட்டால் துரைக்குத் தோட்டம் எதற்கு, தோட்டத்துக்கு ஆள் எதற்கு?

மான் வரத்தான் இல்லை. ஊரில் பசித்தவர்கள் எல்லாக் காட்டையும் எப்போதோ சலித்து எடுத்துவிட்டார்கள். வந்தது மீனாச்சி.

மீனாச்சி காஜா பெராங்கில் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். பல தலைமுறையாக வீட்டில் மலாய் பேசுகிறவர்கள். அவளிடம் மிஞ்சியிருந்த தமிழ், விரல்விட்டு எண்ணக்கூடிய சில சொற்கள்தான். ஒரு பொழுதுசாயும் வேளையில், நைந்துபோன கெபாயாச் சட்டையும் மண்நிறக் கைலியுமாக வேலியோரம் நின்று, "அக்கா, சிக்கிட் சஜா" என்றாள். கொஞ்சம் மட்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குப் பசியில் கால் வீங்கிவிட்டதை, தன் காலைத் தொட்டுக் கைகளால் அளவு காட்டிச் சொன்னாள்.

பூங்காவனம் அவளை வாயார ஏசினாள். ஏசிக்கொண்டே உள்ளே கூட்டிப்போய் வரிசையில் உட்காரவைத்தாள். "கெழங்குல கைய வச்ச, கொன்னுடுவேன். தோண்டினா தெரிஞ்சுடும். எல மட்டும். இந்தா, கிள்ளாத! நகம் பட்டா வெட்டுன மாதிரி இருக்கும். இழுத்துப் பிய்யி. ஆடு கடிச்சது பாத்திருக்கியா? அதுக்கு மேல்பல்லு கெடையாது, மானுக்கும் கெடையாது. நார் தொங்கணும்." மீனாச்சிக்குச் சொல் புரியாவிட்டாலும் கை புரிந்தது. ஒரே நாளில் அசல் மானாகிவிட்டாள். அவள் பின்னால் இன்னும் சில பெண்கள் வந்தார்கள். அவர்கள் போனபின் பூங்காவனமும் நல்லையாவும் கடைசியாக ஒரு வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். காலடியெல்லாம் கரைந்துவிடும்.

கணக்கப்பிள்ளையாகவும் துரைக்கு மொழிபெயர்க்கிறவராகவும் இருந்த கருணாகரன் கிராணி, சப்பாத்து நனையாமல் வரப்பில் நின்றபடியே பார்த்தார். பிய்ந்த காம்புகளில் நார் தொங்கியது. "அடேயப்பா! கூட்டமால்ல மேயுது!" என்று பூரித்துப்போனார். பூங்காவனத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மானும் வந்தாயிற்று, பிள்ளைகளும் சாப்பிட்டாயிற்று, பட்டையும் கையில் இருக்கிறது. அந்தச் சில வாரங்களில் அவள் தகரத்தைக்கூட அவ்வளவாகத் திட்டவில்லை.

இவ்வளவு மான் வருகிறது என்றால் வேட்டைக்காரன் சும்மா இருப்பானா? இதை அவள் யோசிக்கவில்லை. பாவம், பசித்தவர்களைப் பற்றி மட்டும் யோசித்தாள். துரை வருவதென்றால் முதல் நாளே கிராணி சொல்லிவிடுவார், காரும் மண்ரோட்டில் தூசி கிளப்பிக்கொண்டு வரும். இந்த முறை மான் மிரண்டுவிடக் கூடாதென்று துரை காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, ரப்பர் மரங்களுக்குள்ளாக நடந்து வந்து, சத்தமில்லாமல் பரணில் ஏறிவிட்டான். கிராணியும் பின்னால் வாய்பொத்தி ஏறினார்.

கீழே ஏரிக்கரையில் இருவரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. வெடிச் சத்தம் கேட்டு ஏரியிலிருந்த கொக்குகள் எழும்பின. தகரம் கயிறோடு தண்ணீருக்குள் போய்விட்டது. பூங்காவனம் மேட்டில் ஏறிப் பார்த்தபோது மற்றப் பெண்கள் ஓடிவிட்டிருந்தார்கள். மீனாச்சி மட்டும் கொடிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தாள். மடியில் கட்டியிருந்த இலை அவிழவே இல்லை.

மான் என்று நினைத்துத்தான் துரை சுட்டார் என்று கிராணி பிறகு பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். இருக்கலாம். குனிந்து உட்கார்ந்திருந்தாள், கைலியும் மண்நிறம்தான். ஆனால் இறங்கி வந்து பார்த்தவன் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம் மட்டுமே. மீனாச்சியின் வீட்டார் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பூங்காவனத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் கிராணி வந்தார். "மானு வருதா, இல்ல வெறும் ஆளுங்கதானான்னு தொர கேக்குறாரு. மத்தியானம் வந்து மான் காலடி பாக்கப் போறாரு. இருந்தா தோட்டம் இருக்கும். இல்லன்னா எல்லாத்தயும் பிடுங்கிப்போட்டு, நல்லையாவ சயாமுக்கு ஏத்தச் சொல்லிட்டாரு. நெசத்தச் சொல்லு, பூங்காவனம்."

"வருதுங்க, கிராணி ஐயா" என்றாள் அவள். "விடியக்காலம் வருதுங்க."

கிராணி வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தார்.

நல்லையா ஏரியில் இறங்கித் தகரத்தைத் தேடி எடுத்தான். கயிற்றை அவிழ்த்துப் பிழிந்தான். "மறுபடியும் பரண்ல ஏறுவானே, புள்ள" என்றான். அவன் தானாகப் பேச்செடுத்து அவள் கேட்டதில்லை. "அந்தப் பொம்பளைங்களும் வருவாங்க. பசிக்குதுல்ல. வேணாம் புள்ள. நான் சயாமுக்கே போயிடறேன்."

"போயி?" என்றாள் பூங்காவனம். "உங்க தம்பி போனாரே, அப்படியா?" சாக்கின் நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "கயித்தப் புடிங்க."

அன்று அவள் தகரத்தைத் திட்டவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடி வரிசைகளுக்குள் இறங்கி, மண் இளகிச் சேறாகும் வரை இறைத்தார்கள். வேலிக்கு அப்பால் ஒருத்தி, கையில் வெறும் கூடையோடு, நேற்று நடந்ததைத் தெரிந்துகொண்டே வந்து நின்றாள். "போயிடு! இங்க வராத! சுடுவான்!" என்று பூங்காவனம் கத்தினாள். வந்தவள் சற்றுத் தள்ளிப் போய் மரத்தடியில் நின்றாளே தவிர, வீட்டுக்குப் போகவில்லை.

பூங்காவனம் வரிசைக்குள் இறங்கி மண்டியிட்டாள். தண்ணீர் எட்டாத மேட்டில், நேற்றுக் கரைத்துவிட நேரமில்லாமல் போன மீனாச்சியின் காலடிகள் அப்படியே பதிந்திருந்தன. பக்கத்துச் சேற்றை அள்ளி முதல் அடியின் மேல் போட்டு, உள்ளங்கையால் மெதுவாகத் தடவிச் சமப்படுத்தினாள். பிறகு இரண்டு விரலைச் சற்றே விரித்து, அந்த இடத்தில் அழுத்தி, மான் குளம்பு போல் ஒரு தடம் பதித்தாள். அடுத்த காலடிக்கு நகர்ந்தாள்.