லைட் அடித்துக் காட்டினேன்

எங்கள் ஒரகடம் பக்கத்தில் பைக் ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. வழியில் போலீஸ் நின்றால், எதிரே வரும் வண்டிக்கு லைட் அடித்துக் காட்டுவோம். ஹெல்மெட் போடாதவர் என்றால் தலையையும் தட்டிக் காட்டுவோம். பெரிய உபகாரம் செய்வதாகத்தான் நானும் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒருநாள், ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து குன்றத்தூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைப்பாக்கம் தாண்டி ஒரு வளைவில் நின்றிருந்த ஏட்டு என்னைப் போகச் சொல்லிவிட்டார். கொஞ்ச தூரத்திலேயே எதிரே ஒருவர் ஹெல்மெட் இல்லாமல் விரட்டிக்கொண்டு வந்தார். கம்பெனி யூனிபார்ம், தோளில் சாப்பாட்டுப் பை. செகண்ட் ஷிப்டுக்கு நேரமாகியிருக்கும். லைட் அடித்தேன், தலையைத் தட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி நன்றி காட்டினார். என்னைத் தாண்டியதும் சடாரென்று வண்டியைத் திருப்பினார்.

எனக்குப் பின்னால் கண்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஏட்டு, அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். உயிர் போயிருந்தது.

"ஃபைன்தானேய்யா போட்டிருப்பேன்! இன்னாத்துக்குய்யா திரும்புன?" என்று அந்த முகத்தைப் பார்த்துக் கத்தினார். பிறகு என்னிடம் கேட்டார்: "நீ பாத்தியா? ஏன் திரும்புனாரு?"

"தெரியாது சார்" என்றேன்.

இதுவரை என் மனைவியிடம்கூட உண்மையைச் சொன்னதில்லை. இன்றும் எதிரே வருகிறவர்கள் எனக்கு லைட் அடித்துக் காட்டுகிறார்கள். பதிலுக்குக் கையைத் தூக்க என்னால் முடிவதில்லை. அந்த மனுஷர் கடைசியாகக் கையைத் தூக்கியது எனக்கு நன்றி சொல்லத்தான்.