தாஜ்மகாலுக்கு வாங்கிய டிக்கெட்

அப்பா, அம்மா, நான் மூவரும் பெண்ணாடத்திலிருந்து போயிருந்தோம். மாமா வரவில்லை. "ஐஸ் கட்டியத்தானே, மீன் மார்க்கெட்டுல பாத்துக்குறேன்" என்றுவிட்டார்.

மஞ்சக்குப்பம் மைதானத்துப் பொருட்காட்சியில் பனிக்கட்டித் தாஜ்மகால் இருப்பதாக நோட்டீஸைப் படித்துச் சொன்னவன் நான்தான். வீட்டில் படித்தவன் சொல்கிறானே என்று அப்பா ஒரு நாள் கரும்பு வெட்டுக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

கூடாரத்துக்குள் கரண்ட் இல்லை. சிற்பி குரங்குக் குல்லாவைக் கழற்றாமல் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரு பனிக்கட்டி வாத்தும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"தாஜ்மகால் எங்கண்ணே?"

"காலையில இருந்துச்சு தம்பி. கரண்டு போச்சு, யானையாக்கினேன். இப்ப வாத்து."

"அப்ப டிக்கெட்டு காசு அறுவது ரூவாயத் திருப்பிக் குடுய்யா" என்றார் அப்பா.

"ஐஸு கரைஞ்சா டிக்கெட்டும் கரையுமாண்ணே?" என்றார் சிற்பி.

அவர் சொல்லி முடிப்பதற்குள் வாத்தின் கழுத்து விழுந்தது. அவர் பதறவில்லை. உளியால் நாலு தட்டு தட்டி அதை லிங்கமாக்கினார். சட்டைப்பையிலிருந்து விபூதி எடுத்து மூன்று பட்டை இழுத்தார். பிறகு எங்களுக்கு முன்பாக அவரே கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது தொழிலா, பக்தியா என்று என் படிப்புக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அப்பா துண்டை இடுப்பில் கட்டினார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பதினொரு ரூபாய் காணிக்கை வைத்தாள்.

அறுபதைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு எழுபத்தொரு ரூபாய் ஆனது.