நாய்க்கா, நெல்லுக்கா?

வில்லியனூர் தொடங்கிப் பாகூர் வரை இன்றைக்கு வாலாட்டிக்கொண்டிருக்கும் நாய்களில் பாதி, கஸ்தூரி போட்ட உயிர்ப்பிச்சை. பாதி என்பது இந்தக் கிழவியின் வாய்க்கொழுப்பு. இருபது, முப்பது என்று குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூச்சிமருந்துக் கடைக்குள் நின்றுகொண்டு அதைச் செய்கிறாள் என்பதில் மட்டும் மிகையில்லை.

கேட்டவுடன் மருந்தை எடுத்துக் கொடுக்க மாட்டாள். பாட்டிலை இடுப்போடு அணைத்துக்கொண்டு, "நாய்க்கா, நெல்லுக்கா?" என்பாள். நெல்லுக்கு என்றால், "எத்தினி காணி? இன்னா பூச்சி?" ஆள் விழித்தால் பாட்டில் அலமாரிக்குத் திரும்பிவிடும்.

உண்ணி பிடித்த நாயை, வயலுக்கு அடித்தது போக மிஞ்சிய மருந்தில் குளிப்பாட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். காலையில் உண்ணி பொலபொலவென்று உதிர்வதைப் பார்த்து மனம் குளிர்ந்தவர்கள், சாயங்காலம் கொல்லையில் குழி வெட்டுவார்கள். "நெல்லு தன்ன நக்கிக்காதுண்ணா. நாயி நக்கும்," என்பாள் கஸ்தூரி. உண்ணியை இடுக்கியால் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும், நகத்தால் நசுக்கக் கூடாது, மருந்து வேண்டுமென்றால் மாட்டாஸ்பத்திரியில் எடை பார்த்துத் தருவதுதான். இதைச் சொல்லியே அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கிறது.

பூனைக்கு உடம்பு சுடுகிறது, காய்ச்சல் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கலாமா என்று ஒதியம்பட்டிலிருந்து ஒரு பெண் போனில் கேட்டாள். "குடு. அப்டியே மண்வெட்டியயும் எடுத்து வச்சிக்கடி," என்றாள் இவள். அந்தப் பூனை பிழைத்தது. லவ் பேர்ட்ஸ் கூண்டுப் பக்கம் கொசுவர்த்தி ஏற்றாதே, முயலுக்கு ஈரத்தழை போடாதே என்று உரம் வாங்க வந்தவரையும் நிறுத்திவைத்துச் சொல்வாள். "நாய் டாக்டரம்மா, கொஞ்சம் யாவாரத்தயும் பாரு," என்று முதலாளி செல்லப்பன் கல்லாவிலிருந்து கத்துவார்.

இத்தனைக்கும் எந்த நாயையும் அவள் தொடுவதில்லை. குட்டி ஒன்று காலைச் சுற்றினால், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். முழங்கை வரை மூன்று தரம் சோப்புப் போட்டாலும் மருந்து வாடை போவதில்லையாம். மத்தியானச் சோற்றைக்கூட ஸ்பூனால்தான் சாப்பிடுகிறாள்.

போன ஆடியில் ஒரு நாள் தொட்டாள்.

உறுவையாற்றுச் சவரிராயன், மொபெட்டின் முன்பக்கம் கோணியில் கிடத்தித் தன் நாய் ராணியைக் கொண்டுவந்தார். பெண்சாதி போனபிறகு அந்த வீட்டில் அவர் குரலுக்குத் திரும்பிப் பார்த்த ஒரே உயிர் ராணிதான். வாயில் நுரை தள்ள, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"பெரிப்பா, மேல இன்னாத்த ஊத்துன?"

"உண்ணிக்குத்தாம்மா. நேத்து இங்க வாங்கனதுதான். ஒரு வாளித் தண்ணிக்கு ரெண்டே மூடி."

நேற்று அந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தது கஸ்தூரியின் கைதான். ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, கடைவாசலிலேயே சோப்புப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். போகிற ஆட்டோவை மறித்து, ஈரநாயை மடியில் வாரிப்போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றுவதற்குள் இழுப்பு நின்றுவிட்டது. மூச்சும் நின்றுவிட்டது. "இன்னும் கொஞ்சம் தேய்ம்மா, எழுந்துக்கும்," என்று, பின்னாலேயே வந்த சவரிராயன், ராணியின் மார்பைத் தேய்த்துக்கொண்டிருந்த அவளிடம் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

கத்திரிச்செடிக்கு என்று பொய் சொல்லி வாங்கிப் போயிருக்கிறார் மனிதர். நாய்க்கு என்றால் கஸ்தூரி தர மாட்டாள் என்பது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். அவள் கேட்டுக் கேட்டே சனங்களுக்குப் பொய் பழகிவிட்டது. அவள் வேறென்ன செய்ய முடியும்?

இதுவரை எழுதியதைக் கடைக்கே கொண்டுபோய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். தாளைக் கொடுக்கச் சொன்னாள். பில் போடும் பேனாவை எடுத்து, கத்திரிச்செடி இருந்த வரியை ஒரு தரம் அடித்தாள். மை சரியாக விழவில்லை. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, மறுபடியும் அடித்தாள்.

"அவுரு பொய் சொல்லல ஆயா. அன்னிக்கிக் கடையில கூட்டம். நான் கேக்கவே இல்ல."